நான் வயலாக்கிய தெரு

அக்டோபர் 14, செவ்வாய்

பக்கத்து மாவட்டத்திலிருந்து ட்ரோன் படம் வந்துவிட்டது. ஆறு வாரமாகக் கடிதம் போட்டதற்கு இன்றுதான் பலன். “நான் ரிட்டையர் ஆறதுக்குள்ள வருமாம்மா?” என்று எங்கள் பிரிவு அதிகாரி ஜெயபிரகாஷ் சார் தினமும் கேலி பண்ணிக்கொண்டிருந்தார். அவருக்காவது ரிட்டையர்மென்ட் உண்டு. எனக்கு டிசம்பர் முப்பத்தொன்று. அன்றோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

எங்கள் ட்ரோன் எங்கள் எல்லைக்குள் பறந்தது. அவர்களுடையது அவர்கள் எல்லைக்குள். இரண்டையும் ஒட்டி ஒரே படமாக்கிப் பொது ஃபோல்டரில் போட வேண்டும். வருவாய், வேளாண்மை, மீன்வளம், வாய்க்கால் பிரிவு எல்லாரும் அதைப் பார்த்துத்தான் மழைக்கால ஏற்பாடு செய்வார்கள். இதுவரை ஆளுக்கொரு படம் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பேச்சு. காரைக்காலுக்குள் வரும் தண்ணீரெல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது, வெளிப்படம் மட்டும் நம்மிடம் இல்லை என்பது எவ்வளவு வெட்கம்!

அக்டோபர் 16, வியாழன்

ஒட்டிப் பார்த்தேன். எல்லை ஊரான பூவத்துக்கு வடக்கே, கோடி வாய்க்காலை ஒட்டி, நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. அரை கிலோமீட்டர் நீளம், அறுபது மீட்டர் அகலம். எங்கள் எல்லைக்கோடு இப்போது ஓடும் வாய்க்கால். அவர்கள் கோடு, எப்போதோ வாய்க்கால் ஓடிய பழைய தடம். நடுவில் இருப்பது யார் படத்திலும் இல்லை.

அந்தப் பக்கம் படம் அனுப்பும் முத்தமிழ் அண்ணனுக்குப் போன் போட்டேன். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். “எல்லைக்கு வெளிய உள்ளதை வெட்டிட்டுத்தான் அனுப்பணும்னு உத்தரவு மேடம். ட்ரோன் திரும்புறப்ப கொஞ்சம் தள்ளித்தானே திரும்பும், வெட்டாத ஒரிஜினல் எங்க மெஷின்ல இருக்கு. ஆனா குடுக்க முடியாதுங்க. மேல எழுதிக் கேளுங்க.”

மேலே எழுதினேன். இன்னும் ஆறு வாரமா?

அக்டோபர் 21, செவ்வாய்

நாளைக்கு எல்லாத் துறையும் கூடும் கூட்டம். சார் படத்தைப் பார்த்து, “என்னம்மா இது, பொத்தல் விழுந்த வேட்டியாட்டம்?” என்றார்.

அவர் ஒட்டுப் போடச் சொல்லவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். நானாகத்தான் செய்தேன். பக்கத்து வயலிலிருந்து ஒரு துண்டு நகல் எடுத்து, பட்டை முழுக்க நிரப்பி, நிறத்தைச் சரி பண்ணினேன். வரப்புகூடச் சேர்ந்துவிட்டது. இருபது நிமிஷ வேலை. தெற்கே வயல், வடக்கே வயல். நடுவில் மட்டும் வேறு என்ன இருக்கப் போகிறது?

அக்டோபர் 22, புதன்

“எங்க ஒட்டியிருக்குன்னே தெரியலையே!” என்று கூட்டத்தில் ஒரே பாராட்டு. வருகிற வழியில் அப்பாவுக்கு அல்வா வாங்கினேன்.

நவம்பர் 5, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பதினோரு மணிக்குப் பூவத்திலிருந்து காசியம்மா என்று ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மீன் விற்கிறவர், கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். மழை வந்தால் பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கும் பட்டியலில் அவர்கள் தெரு இல்லையாம். அந்தப் பக்கத்துப் பட்டியலிலும் இல்லையாம். “படத்துல இருந்தாத்தான் லிஸ்டுல வருமாம். இஞ்ச வந்து கேக்கச் சொன்னாங்க.”

படத்தை விரித்துக் காட்டினேன். அவர் கெட்டிக்காரர். பாலத்தைக் கண்டுபிடித்தார், மாரியம்மன் கோயிலைக் கண்டுபிடித்தார், அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வடக்கே போனார். விரல் வாய்க்காலைத் தாண்டியது. என் ஒட்டின் மேல் வந்து நின்றது.

“எங்க தெரு இஞ்சதானே இருக்கணும்? எல்லாம் வயலா இருக்கே தாயி!”

மனுவை வாங்கிக்கொண்டு, “பாத்துச் சொல்றேன்மா” என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் கும்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

சாரிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“இறுதின்னு பூட்டுன ஃபைலும்மா. தொறக்கணும்னா காரணம் எழுதணும். என்னன்னு எழுதுவே? இல்லாத வயலை வரைஞ்சேன்னா? மழை முடியட்டும், புதுப் படம் எடுக்குறப்ப தானா சரியாயிடும். ஒன் நீட்டிப்பு ஃபைலும் மேல இருக்கு, ஞாபகம் வெச்சுக்க.”

மிரட்டினாரா, அக்கறையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சீ, என்ன பிறவி நான்.

நவம்பர் 9, ஞாயிறு

ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தேன். பாலம் தாண்டி, சீமைக் கருவைக்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. அதற்கப்புறம் தெரு. கூரை, ஓடு, தகரம். ஒரு அடிபம்பு. வலை காய்கிறது. எண்ணினேன், நாற்பத்தொரு வீடு. வாய்க்கால் கரையிலிருந்து பார்த்தால் கருவைதான் தெரியும், ஒரு வீடுகூடத் தெரியாது.

காசியம்மா என்னைக் கண்டுகொண்டு ஓடி வந்தார். “படத்துல சேத்துட்டியா தாயி?”

“சேத்தாச்சும்மா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? என் வாய்தானே அது?

நவம்பர் 18, செவ்வாய்

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. எல்லாரும் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

வாய்க்கால் பிரிவின் திட்டம் பொது ஃபோல்டருக்கு வந்திருக்கிறது. கோடி வாய்க்கால் நிரம்பினால் தானாக எங்கே உடையுமோ தெரியாது. அதனால் முன்கூட்டியே மூன்று இடத்தில் கரையை வெட்டி வயலில் விடுவார்களாம். டெல்டாவில் எப்போதும் செய்வதுதான். வீட்டுப் பக்கம் உடைவதற்கு வயல் முழுகட்டும் என்பது கணக்கு.

மூன்று சிவப்புப் புள்ளி. மூன்றாவது புள்ளி என் ஒட்டின் ஓரத்தில். கீழே குறிப்பு: ‘குடியிருப்பு இல்லை. வயல்.’

அது என் வயல். நான் இருபது நிமிஷத்தில் விளைவித்த வயல்.

நவம்பர் 21, வெள்ளி

மழை. விடவே இல்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.

வெட்டப் போகிறவர்கள் நேரில் பார்ப்பார்களே, பார்த்தால் தெரியாதா — இதையே நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாது. ஜேசிபி கரைமேல் வரும். கரையிலிருந்து கருவைதான் தெரியும். நானே நின்று பார்த்தேனே.

வேலை போய்விடும். வேலையோடு போகுமா, போலீஸ் வருமா? பொய்யான அரசு ஆவணம் தயாரித்தவள் என்பார்களா? அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? அந்த அடிபம்பு. அந்த வலை. முருகா, எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

நவம்பர் 22, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் சார் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. வாய்க்கால் பிரிவு இன்ஜினியர் சேக் அலாவுதீனுக்கு நேராகப் போட்டேன். புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஊர் தெரியாத மனுஷர். என் படத்தைத்தான் ஊர் என்று நம்பியிருக்கிறார்.

“மூணாவது எடத்துல வெட்டாதீங்க சார். அங்க வீடு இருக்கு.”

“படத்துல வயலாத்தானே இருக்கு மேடம்?”

“அது வயல் இல்ல சார். நான் ஒட்டுனது.”

“ஒட்டுனதுன்னா?”

சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். “யா அல்லாஹ்! நாளைக்குக் காலைல வண்டி அங்கதாங்க போவுது” என்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அரை மணியில் நனைந்துகொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது மட்டும் போதாது, மேலே காட்டப் படம் வேண்டும் என்றார். முத்தமிழ் அண்ணனைக் கூப்பிட்டேன். மேடம், சார் எல்லாம் மறந்து, “அண்ணே, காப்பாத்துங்கண்ணே” என்றுதான் வந்தது. பத்து நிமிஷத்தில் வாட்ஸப்பில் ஒன்று வந்தது. தன் கம்ப்யூட்டர் திரையைப் போனால் எடுத்த படம், ஓரத்தில் டியூப்லைட் வெளிச்சம் பட்டிருந்தது. அதில் நாற்பத்தொரு கூரை. “நான் அனுப்பலைங்க, நீங்க பாக்கல” என்று கீழே எழுதியிருந்தார். இப்போது அவர் வேலைக்கும் சேர்த்துப் பயப்படுகிறேன்.

அலாவுதீன் சார் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

“சரி, இது வேணாம். அப்ப மூணாவது எடம் எது? வெட்டாம விட்டா வாய்க்கால் தானா உடைச்சுக்கும். அது எங்க உடைக்கும்னு யாரு கண்டா? நீங்களே காட்டுங்க மேடம். வீடு இல்லைன்னு அடிச்சுச் சொல்லக்கூடிய எடமா காட்டுங்க.”

படத்தைத் திறந்தேன். எங்கே பார்த்தாலும் பச்சை. எந்தப் பச்சையையும் நம்ப முடியவில்லை. நான் தொடாத இடங்கள்தான், ஆனாலும் நம்ப முடியவில்லை. வயல் மாதிரி இருப்பதெல்லாம் வயலா? யாரோ ஒரு காசியம்மா அங்கேயும் கூடையோடு நிற்கிறாளோ?

அடித்துச் சொல்லக்கூடிய இடம் எனக்கு ஒன்றுதான் தெரியும்.

“வரிச்சிக்குடி. வாய்க்கால் தெக்க திரும்புற எடத்துல, பம்ப்செட்டுக்குக் கெழக்க.”

“அங்க வீடு இல்லைன்னு எப்படித் தெரியும்?”

“நடவுக்குச் சோறு கொண்டுபோன எடம் சார். எங்க அப்பா வயல்.”

அவர் என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “அப்பாகிட்ட நீங்க சொல்லிடுறீங்களா?” என்றார்.

“சொல்லிடுறேன் சார்.”

வீட்டுக்கு வந்தேன். அப்பா வானொலியில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தார். “பயிர் வேர் புடிச்சு நிமுந்துக்கிச்சு, இனி பயமில்ல” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வெட்டிவிட்டார்கள். அப்பா நனைந்து வந்தார். “நம்ம வயக்கரையத்தான் வெட்டுனாங்க” என்று மட்டும் சொன்னார். அம்மா வெட்டிய இன்ஜினியர் முதல் அரசாங்கம் வரை ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தாள். யார் காட்டிக்கொடுத்தது என்று அப்பா கேட்பார், கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

நவம்பர் 24, திங்கள்

எங்கள் மூன்று மா நிலமும், ஒரு ஏக்கர்தான், முழுகிவிட்டது. பூவம் தெருவில் முழங்கால் தண்ணீர்தான், பட்டியலில் சேர்த்து எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தாயிற்று என்று அலாவுதீன் சார் போனில் சொன்னார். சந்தோஷப்படலாமா என்று யாரைக் கேட்பது? அடுத்த அறையில் அப்பா இருமுகிறார்.

டிசம்பர் 4, வியாழன்

மெமோ வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் எழுத வேண்டும். சார் தன் பெயர் வராமல் எழுதச் சொன்னார். அவர் பெயர் வர வேண்டியதில்லைதான். ஆனால் அவரிடம் நவம்பர் ஆறாம் தேதி சொன்னேன் என்பதை எழுதிவிட்டேன். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை.

டிசம்பர் 31, புதன்

நீட்டிப்பு மூன்று மாதம். மார்ச்சோடு கிளம்பிவிடு என்று அர்த்தம். தண்ணீர் வடிந்த வயலில் மணல்தான் கிடக்கிறது. அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். தினமும் சொல்ல நினைக்கிறேன். தினமும் பயம் வந்து வாயைக் கட்டுகிறது. மெமோவுக்குப் பதில் எழுதியவளுக்குப் பெற்ற அப்பாவிடம் வாய் வரவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

புதுப் படம் எடுத்தாயிற்று. இரண்டு பக்கமும் எல்லையைத் தாண்டி இருநூறு மீட்டர் பறக்க வேண்டும், வெட்டாமல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவே வந்துவிட்டது. முத்தமிழ் அண்ணன் இன்று அலுவலக வழியாகவே அனுப்பினார். ‘இது நான்தாங்க அனுப்பினேன்’ என்று ஒரு வரி.

ஒட்டினேன். பட்டை இல்லை. கருவைக்காடு, ஒற்றையடிப் பாதை, கூரைகள். அடிபம்பைச் சுற்றி ஈரம்கூடத் தெரிகிறது.

அப்புறம் வரிச்சிக்குடிப் பக்கம் நகர்த்தினேன். சுற்றிலும் பழுத்த பயிர், நடுவில் எங்கள் வயல் மட்டும் சாம்பல் நிறத்தில். பெரிதாக்கினேன். வரப்பில் ஒரு ஆள், தலையில் துண்டு. ட்ரோன் சத்தத்துக்கு அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். போனில் புதுப் படத்தைத் திறந்துகொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்பா, நம்ம வயலைக் காட்டுனது நான்தாம்ப்பா.”

வைக்கோலை உதறிப் போட்டு முடித்தார். கையைத் துண்டில் துடைத்தார். போனை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். வயலைப் பார்க்கவில்லை. விரலால் வடக்கே தள்ளிக்கொண்டே போனார், வாய்க்காலைத் தாண்டினார்.

“அந்தப் பூவத்துத் தெரு இப்பத் தெரியுதா?”

அந்தத் தெருவைப் பற்றி நான் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெட்டுவதற்கு முன்பே அலாவுதீன் சார் வந்து, எல்லாம் சொல்லி, இவரிடம் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். இரண்டு மாதமாக நானே சொல்லட்டும் என்று அப்பா காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“தெரியுதுப்பா. நாப்பத்தொண்ணும் தெரியுது.”

“எண்ணிப் பாத்தியா?”

“எண்ணிட்டேன்ப்பா.”

“சரி, உள்ள போய்ச் சாப்புடு” என்றார்.