பூட்டிய செய்முறை அறையைத் திறந்து தரவும், அறிவியல் ஆசிரியைக்குக் கொடுத்த குறிப்பாணையைத் திரும்பப் பெறவும் வேண்டி

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார்,
மாவு மில், அரசுப் பள்ளிக்கு எதிர்ச்சாரி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: எங்கள் ஊர்ப் பள்ளியின் செய்முறை அறை பூட்டப்பட்டது பற்றி.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நான் மாவு மில் நடத்தி வருகிறேன். மனு எழுதிப் பழக்கமில்லை. சொல்லில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நடந்ததில் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

1. என் மகளை வீட்டிலும் தெருவிலும் சிட்டு என்று கூப்பிடுவோம். சென்ற அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் தோற்றதும் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று மில்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடித்துப் பார்க்கவில்லை, கெஞ்சிப் பார்த்தேன். "எனக்கு மண்டையில ஏறலம்மா, விட்டுடு" என்றாள். பல வாரம் போராடி ஓய்ந்து, சரி, தொழிலாவது கற்றுக்கொள்ளட்டும் என்று மாற்றுச் சான்றிதழ் வாங்க அவளையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

2. தலைமையாசிரியர் அறை காலியாக இருந்தது. "சார் பின்னாடி ரூம்ல இருக்காரு" என்றார்கள். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அந்த அறை வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. நடுவில் ஒரு கல், அதன் மேல் நீளப் பலகை. பலகையின் ஒரு முனையில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர் கொஞ்சம் கனத்த உடம்புக்காரர் என்பது தாங்கள் அறிந்ததே. மறு முனையில் இரண்டு பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அசையவே இல்லை.

3. அந்தப் பருவத்தில்தான் மாற்றலாகி வந்திருந்த அறிவியல் ஆசிரியையை அன்றுதான் முதலில் பார்த்தேன். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஏன் டீச்சர்'. யார் எது சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் வந்த பெயர். வாசலில் நின்ற எங்களை யார், எதற்கு வந்தீர்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. சிட்டுவைப் பார்த்து, "நீ கொஞ்சம் வா. சாரைத் தூக்கணும். என்ன பண்ணலாம்?" என்றார்.

4. என் மகள் என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "கல்ல சார் பக்கம் தள்ளலாமா?" என்றாள். "ஏன்?" என்றார் டீச்சர். "தெரியல." "தெரியலன்னா தள்ளிப் பாரு." முதலில் கொஞ்சம் தள்ளினாள், நடக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்னும் நன்றாகத் தள்ளிவிட்டு, நீள முனையில் தன்னந்தனியாகப் போய் உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் ஒரு சாண் மேலே வந்தார். மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "எறக்கி விடும்மா, நெறைய பேப்பர்ல கையெழுத்துப் போட வேண்டியிருக்கு" என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என் மகள், "சார், இன்னும் ஒரே ஒரு தடவ?" என்று கேட்டாள்.

5. கீழே இறங்கிய தலைமையாசிரியர் சட்டையைத் தட்டிக்கொண்டு, "என்ன விஷயமா வந்தீங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் சார்" என்று சொல்லிவிட்டு மில்லுக்குத் திரும்பினேன். சிட்டு என்னுடன் வரவில்லை. அதே நெம்புகோல் பற்றிய கேள்விக்குத்தான் அரையாண்டில் அவள் வெறும் தாள் கொடுத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

6. அன்று முதல் எங்கள் தெருவில் எந்தப் பொருளும் நிம்மதியாக இல்லை. பால் கொதிக்கும்போது மூடி ஏன் குதிக்கிறது என்று அடுப்படியில் விசாரணை. பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை அதன் நிழலை வைத்துக் கணக்கிட்டு, பிறகு மேலே இருந்து கயிறு விட்டுச் சரிபார்த்தார்கள். ஒரு முழம் தப்பு. "தப்பு எங்க நுழைஞ்சுது, அதத் தேடுங்க" என்றாராம் டீச்சர். சரியாக வந்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார் என்கிறாள் மகள். தையல்கார அக்காவின் பையன் தாயின் டேப்பைப் பள்ளி அளவுகோலோடு வைத்துப் பார்த்து, அது இழுபட்டு நீண்டிருப்பதைக் கண்டுபிடித்தான். பழைய நோட்டில் குறித்து வைத்த அளவுகளுக்கு அந்த டேப்பால் வெட்டியதால்தான் எங்கள் சட்டையெல்லாம் லொடலொடவென்று இருந்தது என்பது ஊருக்கே அப்போதுதான் விளங்கியது. அக்கா கோபித்துக்கொள்ளாமல் புது டேப் வாங்கிவிட்டார்.

7. சென்ற மாதம் ஆய்வுக்கு வந்த அலுவலர் அந்தச் செய்முறை அறையைப் பூட்டச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் வரிசையில் அமரவில்லை, கரும்பலகையில் எதுவும் எழுதப்படவில்லை, தரையில் தண்ணீர் சிந்திக் கிடந்தது, மாணவி ஒருத்தியின் விரலில் வெட்டுக்காயம் இருந்தது என்று காரணம் காட்டி ஆசிரியைக்குக் குறிப்பாணையும் கொடுத்திருக்கிறார். அவர் கண்டது அனைத்தும் உண்மை. எதையும் மறுக்க நான் இதை எழுதவில்லை.

8. ஆனால் வெட்டுப்பட்ட விரல் என் மகளுடையது. தகரத்தை மடித்துப் படகு செய்யும்போது பட்டது. ஆசிரியையே கழுவி மருந்து போட்டுக் கட்டி, மாலையில் மில்லுக்கு வந்து, "நான் இன்னும் கவனமா இருந்திருக்கணும்" என்று வருத்தப்பட்டார். பெற்ற எனக்குக் குறையில்லை. மறுநாளே வெல்டிங் பட்டறைக்காரர் தகர விளிம்புகளையெல்லாம் மழுக்கிக் கொடுத்தார். வயர்மேன் தம்பி மின்சார இணைப்பைச் சோதித்துவிட்டார். கொத்தனார் வழுக்காத தரை போட்டுத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னும் என்ன பாதுகாப்பு வேண்டும் என்று தாங்கள் சொன்னால் செய்யக் காத்திருக்கிறோம்.

9. ஆசிரியை யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "உத்தரவுன்னா உத்தரவு. புத்தகத்த எடுங்க" என்றாராம். இப்போது அவர் எழுதிப் போடுகிறார், பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். வகுப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. சிட்டு ஒழுங்காகப் பள்ளிக்குப் போய் வருகிறாள். ஆனால் வீட்டுக்கு வந்து எதையும் கேட்பதில்லை. முன்பு "கொஞ்ச நேரம் சும்மா இருடி" என்று வாய் ஓயாமல் சொன்னவள் நான். இப்போது இந்த அமைதிதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மில்லில் உட்கார்ந்திருந்த நாட்களில் கேட்ட அமைதி இது.

10. எனவே அய்யா, அந்த அறையைத் திறக்க உத்தரவிடவும், குறிப்பாணையைத் திரும்பப் பெறவும் வேண்டுகிறேன். முடிவு செய்யும் முன் ஒரு வகுப்பு நேரம் மட்டும் தாங்களே நேரில் வந்து அங்கே இருந்து பார்க்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட விண்ணப்பம். மற்றப் பெற்றோர்கள் இத்துடன் இணைத்துள்ள தாளில் ஒப்பமிட்டுள்ளனர். இந்த மனு பற்றி ஆசிரியைக்கு எதுவும் தெரியாது. இதை முன்னிட்டு அவருக்கு எந்தச் சங்கடமும் வந்துவிடக் கூடாது.

இதை எழுதி முடித்ததும் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டு, "இத அனுப்பினா தொறந்துடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "தெரியலன்னா என்னம்மா, அனுப்பிப் பாப்போம்" என்றாள்.

அனுப்பியிருக்கிறோம் அய்யா.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சிட்டுவின் தாயார்

இடம்: மாவு மில்
நாள்: திங்கட்கிழமை

இணைப்பு: பெற்றோர்களின் ஒப்பங்கள்