மண் சிப்பாய்க்குப் புது வாள்

லி மலை, சூளைக் கொட்டகை.

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் ஷுவோவுக்கு, தம்பி தெங் வணங்கி எழுதுவது.

நான் நலம். அம்மா இங்கே பக்கத்தில் நம் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். மூட்டு வலி தவிர வேறு குறையில்லை. உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதியவற்றுக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. வடக்கு எல்லைக் காவலில் உனக்கு எழுத நேரமிருக்காது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை.

இதை மூங்கில் பட்டையில் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. என் தலையும் தப்பும், நீயும் கொஞ்சம் குளிர் காயலாம்.

இங்கே கூத்துக்குக் குறைவில்லை. பேரரசர் இன்னும் சாகவில்லை, அதற்குள் அவர் கல்லறைக்குக் காவலாக மண் சிப்பாய்களைச் சுட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறோம். ஊர் உலகத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்தவர், செத்த பிறகு யாருக்குப் பயப்படுகிறாரோ! வெட்டுப்பட்டவர்கள் எல்லாம் அங்கேதானே காத்திருக்கிறார்கள். பயம் இருக்கத்தான் செய்யும்.

எங்கள் மேஸ்திரி பான் இந்தப் பொம்மைகளை 'ஐயா' என்றுதான் சொல்வான். எங்களைத்தான் 'டேய்'. நேற்று ஒன்றின் காதைத் தடவிப் பார்த்து, "ஐயாவுக்குக் காது சப்பையா இருக்கு, சீவிச் சரிபண்ணுடா" என்றான். அந்த ஐயாவுக்கு நீலச் சாயத்தில் கால்சட்டை, கையில் தீட்டின வெண்கல வாள். முடி வெட்டிப் பார்த்தேன், வெட்டுகிறது. உன் வாள் முனை ஒடிந்தது, வேறு தரவில்லை என்று அந்தக் கடைசிக் கடிதத்தில் நீ எழுதியிருந்தாயே, எனக்கு வயிறு எரிந்தது. "எங்கண்ணனுக்கு இதுல ஒண்ணு அனுப்பக் கூடாதா?" என்று வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். பான் சிரித்தான். "உங்கண்ணன் இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் போவான். இவங்க ஆயிரம் வருஷம் நிக்கப்போறவங்கடா" என்றான். அவன் நாக்கு அழுக!

இதைக் கொண்டு வரும் ஜு என்னோடு மண் பிசைந்தவன். பொம்மை செய்தவன் தன் பெயரைப் பொம்மையின் அங்கி ஓரத்தில் குத்தியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். சூளையில் வெடித்தால் பெயரைப் பார்த்துப் பிடித்து வடக்கே சுவர் கட்ட அனுப்பிவிடுவார்கள். ஜு செய்த குதிரைக்காரனுக்குக் கழுத்தில் விரிசல் விட்டது. பாவம், அழுதுகொண்டே கிளம்புகிறான்.

அவனைப் பார்த்துத்தான் எனக்கு வழி தெரிந்தது. விடுப்பு கேட்டால் இங்கே உதைதான் கிடைக்கும். தப்பு செய்தால் வண்டியேற்றி உன் பக்கமே அனுப்புகிறார்கள்! இப்போது நான் செய்திருப்பவன் ஒரு தளபதி. வெற்றுக் கூடாக இருக்க வேண்டிய மார்புக்குள் ஈர மண்ணைத் திணித்திருக்கிறேன். சூளையில் தனியாக நிற்பான், சூடு ஏறியதும் தனியாகவே வெடிப்பான், வேறு யார் பொம்மையும் கெடாது. பானுக்குக் கண் மங்கல் என்பதால் என் பெயரை ஆழமாகவே குத்தியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பட்டுக் கழிவு அடைத்துத் தைத்த அங்கியை எடுத்து வந்து, "அவன் கையில குடு. வேற யார்கிட்டயும் குடுக்காத, திருப்பியும் கொண்டு வராத" என்றாள்.

அங்கி கனமாக இருக்கிறது, உனக்குச் சரியாக இருக்கும். நான் வந்து சேரும்போது அதைப் போட்டுக்கொள்ள நீ இருக்க வேண்டும், அண்ணா. மண்ணே ஆயிரம் வருஷம் நிற்குமாம். நீ நான் வரும்வரை நில்.

உன் தம்பி
தெங்