நூலகச் சுவரில் இல்லாத யசிந்தா

அனுப்புநர்:
க. ஞானசேகரம்,
14, கில்ன் லேன்,
கார்ட்டர்ஸ் கிறீக், மேற்கு சிட்னி.

பெறுநர்:
பொது முகாமையாளர் அவர்கள்,
கார்ட்டர்ஸ் கிறீக் நகரசபை.

பொருள்: நூலகச் சுவரோவியத்தில் 'கில்ன் லேன் றோவர்ஸ்' இசைக்குழுவின் வயலின் கலைஞர் விடுபட்டமையும், அதுபற்றிய ஐந்து கடிதங்களுக்குப் பதில் வராமையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்த்துக்கொள்வோம் என்று தங்கள் இணையத்தளம் சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய ஐந்துக்கும் 'கிடைத்தது' என்ற தானியங்கிப் பதில் மட்டுமே வந்ததால், ஆறாவதை எனக்குக் கோபம் வரும் மொழியிலேயே எழுதுகிறேன்.

1. நான் இசை தெரிந்தவன் அல்லன். லொறி திருத்துபவன், அதிகாலை நான்கரைக்கு எழும்புகிறவன். 2015இல் பக்கத்து வீட்டு டெக்லன் தன் கராஜில் மூன்று பேரைச் சேர்த்து இந்தக் குழுவைத் தொடங்கினார். ஐரிஷ் நாட்டார் மெட்டுகளை மின்கிற்றாரோடும் ட்றம்ஸோடும் தொண்டை கிழியப் பாடுவதைக் கெல்ட்டிக் பங்க் என்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவர் யசிந்தா. மன்னாரிலிருந்து படகில் வந்தவர். தேவாலயத்தில் வயலின் வாசித்தவர். இன்றுவரை தற்காலிக விசாவில், முதியோர் இல்லக் குசினியில் சமையல் வேலை செய்கிறவர்.

2. சத்தம் தாங்காமல் தங்களிடம் மூன்று தடவை முறையிட்டவன் நானே. ஒவ்வொரு தடவையும் நான்கே நாளில் அலுவலர் வந்து, கருவி வைத்து அளந்து, அங்கிருந்தவர்களின் பெயர்களையும் எழுதிக்கொண்டு போனார். அந்த வேகத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

3. பிறகு எங்கள் ரயில் நிலைய லிஃப்ற் பதினொரு மாதம் பழுதாய்க் கிடந்ததை இவர்கள் பாட்டாக்கினார்கள். அதன் தொடக்கத்தில் வரும் வயலின் மெட்டு யசிந்தா கட்டியது. மெல்பேர்ன் மதுக்கூடங்களில், அந்த லிஃப்றைக் கண்ணாலும் காணாதவர்கள் சேர்ந்து பாடினார்கள். வேலையிடத்தில் என்னிடம், அது உன்னுடைய ஊரா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

4. 2019இல் அயர்லாந்திலிருந்து அழைப்பு வந்தது. நாட்டைவிட்டு வெளியே போனால் யசிந்தாவால் திரும்பி வர முடியாது. மற்ற மூவரும் போகமாட்டோம் என்றார்கள். போகச் சொன்னவர் அவர்தான். அவர்களுடைய பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கராஜ் கதவையும் இழுத்து மூடினார். டப்ளினில் வேறொரு பெண் வயலின் வாசித்தார். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவர்கள் அங்கே நின்ற ஆறு வாரமும் கராஜில் சத்தமே இல்லை. நான் மூன்று தடவை எழுதிக் கேட்டது அதைத்தான், கிடைத்தபோது பிடிக்கவில்லை. வீதியில் கண்டபோது, ஏன் வாசிப்பதில்லை என்று யசிந்தாவிடம் கேட்டேன். "ஆருக்கு அங்கிள் வாசிக்கிறது?" என்றார்.

5. இப்போது தாங்கள் நூலகச் சுவரில் 'நம் மண்ணில் உருவான நால்வர்' என்று எழுதி அவர்களை வரைவித்திருக்கிறீர்கள். பார்த்து வரைந்தது டப்ளினில் எடுத்த படத்தை. ஆகவே நம் ஊருக்கு ஒருநாளும் வந்திராத பெண் வயலினோடு நிற்கிறார். ஊருக்குள்ளேயே இருந்தவர் இல்லை. டெக்லனும் எழுதினார்; அடுத்த வருடம் பரிசீலிப்போம் என்றீர்கள். நான் நேரில் வந்தபோது, யசிந்தா தொடக்கத்திலிருந்தே குழுவில் இருந்ததற்கு ஆதாரம் உண்டா என்று கலாசாரப் பிரிவு அலுவலர் என்னைக் கேட்டார்.

6. ஆதாரம் தங்கள் அலுமாரியிலேயே இருக்கிறது. 2015 ஓகஸ்ட் முறைப்பாட்டில், 'யசிந்தா என்ற பெண் வயலினில் ஒரே இடத்தை இருபது தடவை வாசிக்கிறார். ஞாயிறு காலை அவர் தேவாலயத்துக்குப் போவதால் மட்டுமே நிம்மதி' என்று எழுதியிருந்தேன். பிரதி கேட்டேன். என் முறைப்பாட்டையே எனக்குக் காட்ட முடியாது, அதில் பிறருடைய பெயர்கள் இருக்கின்றன என்றார்கள். ஐயா, அந்தப் பெயர்கள்தான் எனக்கு வேண்டும்.

7. கடந்த வெள்ளிக்கிழமை தங்களிடமிருந்து யசிந்தாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. அவர் இப்போது குடியிருப்பது நூலகத்துக்கு எதிர்ப்பக்கத்து மாடியில். அழைப்பிதழ் என்று நினைத்துப் பிரித்திருக்கிறார். 'குடியிருப்பாளருக்கு' என்று தொடங்கி, பதினைந்தாம் திகதி திறப்பு விழாவில் றோவர்ஸ் குழு இரண்டு மணிநேரம் வாசிக்கும், சத்தம் இடைஞ்சலானால் யன்னல்களை மூடிக்கொள்ளவும் என்று இருந்தது. "விடுங்கோ அங்கிள், சுவர்தானே" என்று சொல்லி அதை என்னிடம் தந்தார். என்னால் விட முடியவில்லை.

ஆகவே, திறப்பு விழாவுக்கு முன்னர் யசிந்தாவை அந்தச் சுவரில் வரைவிக்குமாறும், அவருடைய பெயரிட்டு ஓர் அழைப்பிதழ் அனுப்புமாறும், இந்தக் கடிதத்துக்கு ஒரு மனிதர் பதில் எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாது என்று சொல்லவேண்டாம். சுவரின் இடது ஓரத்தில் இரண்டு மீற்றர் வெறுமையாகக் கிடக்கிறது. நேற்று அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும் வரியிறுப்பாளன்,

(ஒப்பம்)
க. ஞானசேகரம்

இடம்: கார்ட்டர்ஸ் கிறீக்
திகதி: 03.03.2025