வெறும் வயிற்றோடு போகிறோம்

இஞ்சாருங்கோ,

யசோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். தலைக்குக் கறண்ட் வைப்பது இன்று நாலாவது தடவை. நீங்கள் துறைமுகத்தில் வேலை முடிந்து வருமுன் வெளிக்கிடுவது வேண்டுமென்றேதான். போன கிழமை பிள்ளை பாவமென்று எனக்குத் தெரியாமல் தேத்தண்ணி பருக்கிவிட்டீர்கள். மயக்க ஊசி போட வெறும் வயிறு வேண்டுமென்று டொக்டர் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு ஆமிச் சென்றிக் காவலிலும் பஸ்ஸால் இறங்கிச் சோதனைக்கு நடந்ததெல்லாம் வீண்.

"பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கறண்டோ? நீயும் ஒரு தாயோ?" என்று கேட்டீர்கள். அவள் பிறவியிலேயே மற்றப் பிள்ளைகளைப் போல இல்லை. அதை மாற்றச் சொல்லி நான் போகவில்லை. நாலு மாதமாய்ச் சரியாய்ச் சாப்பிடாமல், கதைக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாளே, அதற்குத்தான் போகிறேன்.

குசினியில் புட்டு மூடியிருக்கிறது. பிளாஸ்கில் இருக்கும் தேத்தண்ணி உங்களுக்கு.

கோமளா

முந்தாநாள் நீங்கள் வேலைக்குப் போன பிறகு, முந்தி மாதிரி ஜன்னலடியில் நின்று கப்பல் எண்ணினாள். கோபத்தில் உங்களுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. கறண்ட் வைத்த அன்று அவளுக்கு ஆட்களைச் சட்டென்று தெரியாது. உங்களை யாரோ என்று பார்த்தால் அழ வேண்டாம். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, கப்பல்களைப் பிழையாக எண்ணுங்கள். அவளுக்குப் பொறுக்காது. திருத்துவாள்.