நாற்பத்தோராம் ஆட்சேபணை

கெரேகோடி பேட்டை,
பெங்களூரு
9 ஜூன் 2025

அன்புள்ள கிருத்திகாவுக்கு அத்தை எழுதுவது. நான் நலம், கடையும் நலம். வைகாசி முகூர்த்தம் என்பதால் பாத்திரத்தில் பேர் வெட்டும் மிஷின் ஓயவே இல்லை. நீயும் என் பிள்ளை கவியும் மல்லேஸ்வரத்தில் சௌக்கியமா?

போன வாரம் போனில் நான் வாயைத் திறப்பதற்குள், "அத்தை, விதி பத்தி வீட்ல பேசக்கூடாது, சொல்லணும்னா எழுதித்தான் குடுக்கணும்" என்று வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மாமியார் மருமகளுக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான்.

பேட்டையின் புதிய கட்டட விதிகள் என்று மார்க்கெட் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கன்னடம் பேசத் தெரிந்த அளவுக்கு எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துப் பெயின்ட் கடை கோதண்டராமன்தான் படித்துச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் விதிகளை எழுதிய அதிகாரியாக உன் பெயர் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. விதிகளைக் கேட்ட பிறகுதான் கோபம் வந்தது.

கடைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் இடம் விட வேண்டுமாம். நானே டேப் எடுத்துக்கொண்டு போய் நம் வரிசையில் முப்பத்திரண்டு கடையையும் அளந்தேன். பதினாறடிக்கு மேல் அகலம் உள்ளவை நான்கே நான்கு. நம் கடை சரியாகப் பதினாறு. நீ சொல்லும் இடத்தை விட்டால் மிச்சம் ஒன்பதரை அடி. குக்கரை அடுக்கினால் ஆள் நிற்க முடியாது. அளவுப் பட்டியல் இதனுடன் இருக்கிறது.

அடுத்தது மாடி. கீழே கடை, மேலே இரண்டு மாடி, அதற்குமேல் கூடாதாம். பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட நான் பிளான் போட்டிருப்பது கவிக்குக்கூடத் தெரியாது. கீழே கடை, முதல் மாடி குடோன், இரண்டாம் மாடி நான், மூன்றாம் மாடி நீங்கள் இருவரும். கிரகப்பிரவேசத்தன்று சாவியைக் கையில் கொடுத்து உங்களைத் திகைக்க வைக்க வேண்டும் என்றிருந்தேன். உன் விதி அந்த மாடியைத்தான் வெட்டிவிட்டது.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு வந்த நான்கு நாளும் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டாய். நம் வீட்டில் யாருக்கு யார் தாழ்ப்பாள் போடுவது? காபியோடு வெளியே நின்று, ஆறிப்போனதை நானே குடித்தேன். என்னோடு ஒரே கூரையில் இருக்க இஷ்டமில்லாமல்தான் இந்த விதியை எழுதினாயோ என்று கேட்கிறேன். பதில் போடு.

ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினால்தான் மதிப்பு என்று கோதண்டராமன் சொல்கிறார். நோட்டீசில் இருக்கும் விலாசத்துக்கே அனுப்புகிறேன். பாக்கெட் சாம்பார் பொடியை நிறுத்து, கவிக்கு வயிற்றுக்கு ஆகாது.

உன் நன்மையை விரும்பும்,
அத்தை ஜெயலக்ஷ்மி

*

மல்லேஸ்வரம்
16 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இருவரும் நலம். சாம்பார் பொடியை நிறுத்திவிட்டேன்.

உங்கள் கடிதம் வீட்டுக்கு வரவில்லை, அலுவலகத்துக்கு வந்தது. எங்கள் அலுவலகத்தில் அந்த விலாசத்துக்கு எந்தத் தபால் வந்தாலும் உறை பிரித்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். உங்களுடையது ஆட்சேபணை எண் 41. சாவி, தாழ்ப்பாள், ஆறிப்போன காபி, சாம்பார் பொடி எல்லாமே இப்போது அரசுப் பதிவு.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒவ்வோர் ஆட்சேபணையையும் கன்னடத்தில் வாசிக்க வேண்டும். அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுதியவர் என் மாமியார், நான் விலகிக்கொள்கிறேன் என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். முடிவு எடுக்கும் குழுவிலிருந்து என்னை விலக்கிவிட்டார். ஆனால் வாசிக்க வேறு ஆள் இல்லை, உறவைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு வாசியுங்கள் என்றார்.

விருப்பமிருந்தால் கடிதத்தைத் திரும்பப் பெறலாம். இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் பெறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வந்த ஆட்சேபணைகளில் டேப் பிடித்து அளந்து எழுதியது உங்களுடையது மட்டும்தான்.

தாழ்ப்பாள் பற்றிக் கேட்டதற்கு அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை. விதிகள் முடிவானதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
கிருத்திகா

*

கெரேகோடி பேட்டை
20 ஜூன் 2025

அன்புள்ள கிருத்திகாவுக்கு,

எழுதினது எழுதினதுதான். நான் திரும்பப் பெறப்போவதில்லை. சாம்பார் பொடி வரியை மட்டும் அடித்துவிட முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம், அதையும் படி. ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விட்டதாகச் சொல்வார்கள்.

கோதண்டராமன் கடைக்கு வந்து, "என்னம்மா, ஒங்க மருமகளே ஒங்க தலையில கை வெச்சிட்டாளே" என்று சிரித்துவிட்டுப் போனார். அவருக்கு வேறு கணக்கு. நாலு தளத்துக்கு அனுமதி கிடைத்தால் மொத்த வரிசையையும் வாங்கி மால் கட்ட ஒரு பில்டர் காத்திருக்கிறான். எனக்கு அது வேண்டாம். என் ஒரு மாடி கிடைத்தால் போதும்.

கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீ ஒரு சொல்லை மாற்றினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

அத்தை

*

கெரேகோடி பேட்டை
7 ஜூலை 2025

அன்புள்ள கிருத்திகாவுக்கு,

சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் உன்னிடம் வந்து பேச வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் ஆட்கள். நீ அதிகாரி, நான் ஆட்சேபணைக்காரி. அதனால் வெளியே வந்து ஆட்டோ பிடித்துவிட்டேன். பேசாததை இதில் எழுதுகிறேன். இந்தத் தடவை வீட்டு விலாசம்தான், பயப்படாதே.

மண்டபத்தில் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். நாற்பது ஆட்சேபணை முடிந்து என் எண் வந்ததும், "இதை எழுதியவர் என் மாமியார், முன்வரிசையில்தான் இருக்கிறார், நான் ஏதாவது விட்டால் அவரே எழுந்து சொல்வார்" என்று கன்னடத்தில் சொன்னாய். மண்டபமே சிரித்தது. நீ சிரிக்காமல் என் கடிதத்தைக் கையில் எடுத்தாய்.

அளவுப் பட்டியலை வாசித்தாய். சாவியை வாசித்தாய். தாழ்ப்பாள் வந்தது. அங்கே நீ மென்று விழுங்குவாய் என்று நினைத்தேன். ஒரு சொல் குறையவில்லை. "என்னோடு ஒரே கூரையில் இருக்க இஷ்டமில்லாமல்தான் இந்த விதியை எழுதினாயோ" என்பதை நான் எழுதியதைவிடச் சத்தமாகவே படித்தாய். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கோதண்டராமன் எழுந்து, அதற்கு என்ன பதில் என்று கேட்டார். "அது எங்க வீட்டு விஷயம், வீட்ல சொல்லிக்கிறேன். மாடிக்கு மட்டும் இங்க பதில் சொல்றேன்" என்றாய். நம் தெரு இருபது அடி. இரண்டு பக்கமும் நாலு தளம் எழும்பினால் கீழே கடைக்குள் பகலிலும் விளக்குப் போட வேண்டும், ஆபத்துக்குத் தீயணைப்பு ஏணியை நிறுத்த முடியாது, இடத்தின் விலை ஏறி இரண்டே வருஷத்தில் பேட்டை ஒரே ஆள் கைக்குப் போய்விடும் என்று விரல் மடக்கிச் சொன்னாய். "மாமியாருக்கு மட்டும் ஒரு மாடி சேத்துக் குடுப்பீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "அவங்களுக்குக் குடுத்தா ஒங்களுக்கும் குடுக்கணும். அதனால இல்ல" என்றாய்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கடைக்காரம்மா என் தோளைத் தட்டி, "நிம்ம சொசெனா?" என்று கேட்டாள். ஆமாம், என் மருமகள்தான் என்றேன். இன்னும் இரண்டு பேர் கேட்காமலேயே அவர்களுக்கும் சொன்னேன். என் மாடி போனது வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தோடு அவ்வளவு பெருமையாக நான் உட்கார்ந்ததே இல்லை.

இதனுடன் டபரா செட் ஒன்று அனுப்புகிறேன். உன் பெயரை நானே வெட்டினேன். கீழே சின்னதாக 41.

அத்தை

*

மல்லேஸ்வரம்
11 ஆகஸ்டு 2025

அன்புள்ள அத்தைக்கு,

டபரா செட்டைத் திருப்பி அனுப்பியதில் உங்களுக்குக் கோபம் என்று கவி சொன்னார். ஆட்சேபணை நிலுவையில் இருக்கும்போது எழுதியவரிடமிருந்து எதையும் வாங்கக்கூடாது. இன்று விதிகள் கையெழுத்தாகிவிட்டன. இனி வாங்கலாம், தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் அளவுப் பட்டியலைக் குழு எடுத்துப் போய்த் தெருவில் மறுபடி அளந்து பார்த்தது. ஓர் அங்குலம்கூடத் தவறவில்லையாம். பக்கத்து இடைவெளி விதியை நீக்கிவிட்டார்கள். பழைய கடைகளைப் போலவே சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டலாம். அந்த இடைவெளி விதியை எழுதியவள் நான்தான். பதினாறடிக் கடைக்குள் நின்று பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். "ஆட்சேபணை எண் 41 ஏற்கப்பட்டது, பகுதியளவில்" என்று கோப்பில் இருக்கிறது. அதை மூன்று முறை படித்தேன். மாடி விதியில் மாற்றமில்லை.

இனி வீட்டு விஷயம். அந்த விதியை எழுதியபோது உங்கள் மூன்றாம் மாடி எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று, அந்த மாடி வராது என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைத்துவிட்டு உங்கள் பாராட்டை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

உங்களைப் பிடிக்காமல் இல்லை, அத்தை. அப்பா இறந்த பிறகு நான் ஏழு வருஷம் ஹாஸ்டலில் இருந்தேன். ஆறு பேருக்கு ஓர் அறை, தாழ்ப்பாள் இல்லாத கதவு. வேலைக்கு வந்து தனி அறை எடுத்த அன்று தாழிட்டுவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. தீபாவளியன்று காபியோடு நீங்கள் நின்றது உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் திறந்திருப்பேன்.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுங்கள்.

கிருத்திகா

*

கெரேகோடி பேட்டை
18 ஆகஸ்டு 2025

அன்புள்ள கிருத்திகாவுக்கு,

உன் கடிதத்தை வாங்கி நாலைந்து நாளாகக் கல்லாவில் வைத்துக்கொண்டு எடுத்தெடுத்துப் படித்தேன். முதல் நாள் கோபம் வந்தது. நிம்மதியாம், நிம்மதி. இரண்டாம் நாள் ஹாஸ்டல் கதவை நினைத்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருஷமாக உன் சமையலை விசாரித்திருக்கிறேன், இதை விசாரித்ததில்லை. அது என் தப்பு.

இருநூறு பேர் முன்னால் என் திட்டைப் படித்தது பெரிதில்லை. யாருமே கேட்டிராத ஒரு நினைப்பை எனக்கு எழுதினாயே, அதற்குத்தான் தைரியம் வேண்டும். பேட்டையில் எல்லாரிடமும் உன்னைப் பற்றிப் பெருமையடித்துவிட்டேன். இதை மட்டும் யாரிடமும் சொல்ல முடியாது. நானே வைத்துக்கொள்கிறேன்.

பிளானை மாற்றிவிட்டேன். நீங்கள் திருப்பிக் கொடுத்த ஆறரை அடி அகலத்தில் குடோன் கீழேயே கடைக்குப் பின்னால் அடங்கிவிடுகிறது. ஆகவே முதல் மாடி எனக்கு. இரண்டாம் மாடி காலி. விதியை மீறவில்லை, கோதண்டராமனே படித்துப் பார்த்தார். அந்த மாடிக்குத் தெருவிலிருந்து தனிப் படிக்கட்டு. நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, வாடகைக்கு விட மாட்டேன்.

என் வீட்டிலிருந்து உங்கள் மாடிக்கு உள்ளே ஒரு படிக்கட்டும் ஒரு கதவும் உண்டு. அதற்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வைக்கட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். மேலே உங்கள் பக்கம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். என் பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

டபரா செட்டைக் கொடுத்தனுப்ப மாட்டேன். அந்தக் கதவுக்குக் கீழே முதல் படியில் காபியோடு வைத்திருப்பேன். எத்தனை மணிக்கு எழுந்தாலும் நீயே திறந்து எடுத்துக்கொள். நான் தட்ட மாட்டேன்.

அத்தை