அம்மா இன்னும் கேட்காத பாட்டு

வுப்பர்டால்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் நிருபமாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்பால் நலம். மனதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என் போனுக்கு வருகிற செய்தியையெல்லாம் எனக்கு முன்னே அம்மா வாசித்துவிடுவாள், அதனால்தான் கடிதம். உன் மச்சான் உதய் நாளை வேலையாக நீ இருக்கிற பிராங்பேர்ட்டுக்கு வருகிறான். இதை உன் கையில் மட்டுமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ அனுப்பிய புதுப் பாட்டை இன்று வேலைக்குப் போகும்போது தொங்குரயிலில் கேட்டேன். நல்ல காலம், அம்மா அதைத் திறக்கவில்லை. "பிள்ளை மேடையில பாடேக்கதான் நான் முதல் கேப்பன்" என்று பிடிவாதமாக இருக்கிறாள்.

உங்கள் கெல்லர்லிக்ட் இசைக்குழுவை நம் கட்டடத்து நிலவறையில் தொடங்கிய காலத்திலிருந்து கேட்டு வருகிறவன் நான். அப்போது கிட்டாரும் ட்ரம்ஸும் ஒரே இரைச்சல். யோனாஸ் ட்ரம்ஸில் அடித்த அடியில் மேல்வீட்டுக்காரர் பொலிசையே கூப்பிட்டார். பிறகு கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு சிந்தசைசருக்குப் போனீர்கள், ஜெர்மன் மொழியை விட்டு ஆங்கிலத்தில் பாடினீர்கள், வானொலியிலும் வந்தீர்கள். அந்த டுங் டுங் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை, ஆனாலும் உங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வான் ஓட்டினேன். போன வருடப் பாட்டுகளை யாரும் சட்டை செய்யவில்லை. இந்த முறையும் எடுபடாவிட்டால் குழு கலைந்துவிடும் என்று நீ சொன்னது மறக்கவில்லை.

இப்போது ஆட்டப் பாட்டை விட்டு மெதுவான இசைக்கு வந்திருக்கிறீர்கள். பாட்டின் தொடக்கத்தில் நீளமாக ஓர் ஓசை வருகிறது. செல்லோ என்று நினைத்தேன். திரும்பப் போட்டுக் கேட்டேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவும் இல்லை.

அது உன் அம்மாவின் அழுகை. ஸ்ரீதரன் மாமாவின் செத்தவீட்டன்று அழுதது.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அவளால் யாழ்ப்பாணம் போக முடியவில்லை. அங்கே போனை மாமாவின் காதடியில் பிடித்தார்கள். இங்கே நம் வரவேற்பறையில் இருந்து, "தம்பி, அக்கா வந்திட்டன்ரா, கண்ணைத் திறவடா" என்று அவள் கத்தினாள். கனடாப் பெரியம்மாவுக்கு அனுப்பத்தான் உன்னைப் பதிவு செய்யச் சொன்னோம். பாட்டுக்கு எடுக்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அதை இனி இந்த வீட்டில போட வேண்டாம், எனக்குக் கேக்க ஏலாது."

நீ அந்தக் குரலை இழுத்து நீட்டி, சொல் எதுவும் தெரியாதபடி செய்திருக்கிறாய். யோனாசுக்கு அது ஒரு வாத்தியம். சனிக்கிழமை உங்கள் கச்சேரியில் முன்வரிசையில் உட்காரப் போகிறவளுக்கு அது அவளுடைய தொண்டை. ஒரு மூச்சுக்குள் கண்டுபிடித்துவிடுவாள். எனக்குக் கோபம் வருகிறது, நிருபமா, நல்லாகவே வருகிறது. உன்னைத் தூக்கி வளர்த்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்கு என்ன வந்தது?

அவளோ சனிக்கிழமைக்குப் பச்சைச் சேலை எடுத்து மினுக்கி மடித்து வைத்திருக்கிறாள். கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லி, ஒரு பஸ் சனத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். அவர்கள் நடுவில் அவள் உடைந்து போனால் நான் எந்தப் பக்கம் பிடிப்பேன்? இன்று சாப்பிடும்போது பாட்டு எப்படி என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்றேன்.

அது பொய்யில்லை என்பதுதான் என் தலைவேதனை. நீங்கள் செய்ததிலேயே இதுதான் நல்ல பாட்டு. இது எடுபடும்.

அதனால் சனிக்கிழமைக்கு முன் நீ வீட்டுக்கு வா. போனில் கேட்காதே, என்னையும் கேட்கச் சொல்லாதே. குசினியில் அம்மா சமைக்கும்போது பக்கத்தில் இருந்து, நீயே சொல்லி, நீயே போட்டுக் காட்டு. அவள் ஏலாது என்றால் அந்த அழுகையை எடுத்துவிடு. யோனாஸ் குதித்தாலும், குழுவே கலைந்தாலும் எடுத்துவிடு.

அவள் ஓம் என்றால் என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. அன்றைக்கு அவள் மூச்சு வாங்கிய இடத்தில், "அழுதது காணும் சந்திரா, நான் இருக்கிறன்" என்று நான் சொன்னேன். பாட்டில் அதை வெட்டியிருக்கிறாய். இசைக்கு இடைஞ்சலாக இருந்திருக்கும், விளங்குகிறது. இருந்தாலும் அதைத் திரும்பச் சேர்க்க வழியிருந்தால் சேர்த்துவிடு, பிள்ளை. அத்தனை சனத்துக்கு முன்னால் அவள் தனியாக அழ வேண்டாம்.

நீ நல்லாக இருக்க வேண்டும், உன் பாட்டும் நல்லாக இருக்க வேண்டும். வீட்டுத் திறப்பு உன் சாவிக்கொத்தில்தானே இருக்கிறது, வா.

உன் அப்பா,
யோகலிங்கம்