அப்பாவின் பழைய எடை

அன்புள்ள அப்பா,

நடந்ததை ஒன்றுவிடாமல் உள்ளபடியே எழுதப் போகிறேன்.

வண்டியில் கட்டி இழுக்கிற நம் டிரெய்லர் வீட்டை உங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, நீங்கள் வெளியே வரும்வரை அதிலேயே இருப்பது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அதை இழுக்க ஒரு பிக்கப் வண்டி வாங்க இன்று பியூட் நகரத்துக்கு வந்தோம்.

விற்பனையாளர் லைல் விலை குறைந்த வண்டியைத் தட்டிக் காட்டினார். "ஒன்பதாயிரம் பவுண்டு இழுக்கும்மா. உங்க வீட்டையே கட்டி இழுத்துட்டுப் போங்க!"

"இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற சார்," என்றேன். வண்டி எவ்வளவு சுமக்கும் என்பது கதவோரத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். டிரெய்லரின் மூக்கு வண்டியின் பின்பக்கத்தை அழுத்தும் எடையும், உள்ளே உட்காருபவர்களின் எடையும் அதற்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் வழியில் மோனிடா கணவாய் இறக்கத்தில் டிரெய்லர் எங்களை ஆட்டிவைத்துவிடும்.

அம்மாவின் எடையைக் கேட்டேன். "முதல்ல அந்த ஆளை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லுடி," என்று காதோடு சொன்னாள்.

கூட்டிப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் தாங்கும். நூற்று நாற்பது பவுண்டு மிச்சம்.

"அப்பாவைச் சேர்த்தியா? திரும்பி வரும்போது மூணு பேர்."

"நர்ஸ் சொன்ன அப்பாவோட இப்போதைய எடையைப் போட்டா இதுவே போதும்மா."

"அதை யாரு கேட்டா? பழைய எடையைப் போடு. நூத்தித் தொண்ணூத்தஞ்சு."

லைல் இன்னும் அதிகம் சுமக்கும் பெரிய வண்டியின் சாவியை எடுத்துவந்தார். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

ஆகவே அப்பா, அந்த மருத்துவமனை ஜெல்லியைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்.

இதைப் புது வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா வண்டியைக் கிளப்பிவிட்டாள். கடையில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்